பழைய ஸ்ப்ளெண்டரை வீட்டிலேயே தேற்றியெடுக்க

பல வீடுகளில் ஒரு பழைய ஸ்ப்ளெண்டர் நிற்கிறது. அப்பா ஓட்டியது, அல்லது சித்தப்பா புது வண்டி வாங்கியபோது தள்ளிவிட்டது. இரண்டு உதை உதைத்தால் இன்றைக்கும் கிளம்பிவிடும். ஆனால் பிரேக்கை முழுக்க மிதித்தாலும் வண்டி யோசித்து நிற்கும், செயின் கவருக்குள் கடகடவென்று சத்தம் கேட்கும், ராத்திரியில் ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரி எரியும். எங்கள் வீட்டு 2005 மாடல் ஸ்ப்ளெண்டர் பிளஸ் இந்த நிலையில்தான் என் கைக்கு வந்தது. கொல்லைப்புறத்தில் வைத்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வேலை என்று செய்து தேற்றினேன். ஸ்பேனரே பிடித்திராதவர்களும் அதே வரிசையில் செய்யலாம் என்பதால் எழுதுகிறேன்.

வண்டியை மேம்படுத்த வேண்டும் என்றதும் பலருடைய கண் முதலில் சைலன்சர் மீதும் அகலமான டயர் மீதும் போகிறது. இது 97.2 சிசி என்ஜின். சைலன்சரை மாற்றினால் சத்தம் கூடும், வேகம் கூடாது. அந்தப் பணத்தில் வண்டியை நிற்க வைக்கும் சாமான், தரையைப் பிடிக்கும் சாமான், ராத்திரியில் வழி காட்டும் சாமான் மூன்றையும் நல்லதாக வாங்கிவிடலாம். தேய்ந்ததை முதலில் மாற்றுங்கள். அது முடிந்த பிறகு வேறு எதையும் யோசிக்கலாம்.

சட்டமும் ஒரு காரணம். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. அதே வருடம் மோட்டார் வாகனச் சட்டத்தில் வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பிரேக் ஷூ (சக்கரத்துக்குள் உரசி வண்டியை நிறுத்தும் கட்டை), செயின், கேபிள், அதே அளவு டயர் ஆகியவற்றை மாற்றுவது இதில் சேராது. சைலன்சரை வெட்டுவது சேரும்.

வேலையைத் தொடங்கும் முன்

கருவிகளில் கஞ்சத்தனம் வேண்டாம். 8, 10, 12, 14, 17, 19 ஆகிய அளவுகளில் ரிங் ஸ்பேனர்கள், 10க்கும் 12க்கும் டி ஸ்பேனர், பிளக் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், ஒரு சுத்தியல், ஒரு மல்டிமீட்டர் இருந்தால் இங்கே சொல்லும் வேலைகளில் முக்கால்வாசி முடிந்துவிடும். ஓப்பன் ஸ்பேனரைக் கூடுமானவரை தவிர்த்து ரிங் ஸ்பேனரையே போடுங்கள். ரிங் ஆறு முனையையும் பிடிக்கும், ஓப்பன் இரண்டு பக்கத்தை மட்டும்தான் பிடிக்கும். இருபது வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற நட்டு வழுக்கிவிட்டால் அப்புறம் வெல்டிங் கடைக்குத்தான் போக வேண்டும்.

பிளஸ் ஸ்க்ரூவில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகளில் இருக்கும் பிளஸ் ஸ்க்ரூ, நாம் கடையில் வாங்கும் சாதாரண ஸ்க்ரூ டிரைவருக்கு அச்சாகப் பொருந்தாது. அழுத்தாமல் திருப்பினால் தலை மழுங்கிவிடும். சுத்தியலால் தட்டினால் தானே திரும்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று கிடைக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைச் சமதரையில் மெயின் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பெட்ரோல் காக்கை மூடுங்கள். காலில் ஷூ போடுங்கள், சக்கரத்தைக் கழற்றும் வேலைக்கு ரப்பர் செருப்பு உதவாது. பழைய எவர்சில்வர் தட்டு இரண்டை எடுத்து வைத்து, கழற்றிய நட்டு, வாஷர், பூஷ் (அச்சில் கோக்கும் குழாய்த் துண்டு) எல்லாவற்றையும் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்குங்கள். கழற்றும் முன் ஒரு போட்டோ, பாதியில் ஒரு போட்டோ எடுங்கள். மாட்டும்போது வாஷர் நட்டுக்கு வெளியே இருந்ததா உள்ளே இருந்ததா என்ற சந்தேகம் நிச்சயம் வரும்.

இன்னொன்றையும் விடாப்பிடியாகச் சொல்கிறேன். ஒரு நாளில் ஒரு வேலைதான். கேபிளும் செயினும் லைட்டும் ஒரே நாளில் மாற்றிவிட்டு வண்டியில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால், எதனால் என்று கண்டுபிடிக்கவே அடுத்த வாரம் போய்விடும்.

சாமான் வாங்குவது

கடையில் மூன்று வகை கிடைக்கும். கம்பெனி சீல் போட்ட ஒரிஜினல் ஒன்று. வண்டிக் கம்பெனிகளுக்குச் சப்ளை செய்பவர்களே தங்கள் சொந்தப் பெயரில் விற்பது இன்னொன்று. மூன்றாவது லோக்கல். இரண்டாவது வகைதான் என் தேர்வு. தரத்தில் குறை இருக்காது, விலையும் கொஞ்சம் இறங்கும். செயினுக்கு நாம் வெளியூர் போகவே வேண்டாம்: ரோலான் கோயம்புத்தூர் எல்.ஜி.பி. நிறுவனத்தின் தயாரிப்பு, டைமண்ட் செயின் சென்னையின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் தயாரிப்பு.

வாங்கும்போது பழைய சாமானைக் கையோடு கொண்டு போங்கள். ஸ்ப்ளெண்டர், ஸ்ப்ளெண்டர் பிளஸ், என்.எக்ஸ்.ஜி., புரோ என்று மாடலுக்கு மாடல் சின்ன வித்தியாசங்கள் உண்டு. சென்னையில் இருப்பவர்களுக்கு வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் தெரிந்திருக்கும். புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் சைடு பேனல், கிராப் ரெயில், லெக் கார்டு எல்லாம் தாராளமாக வாங்கலாம். பிரேக், செயின், ரிம், அச்சு, ஹேண்டில்பார் இவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. வளைந்து நிமிர்த்திய ரிம்மை வெறும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

டயர் வாங்கினால் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2423 என்றிருந்தால் 2023ஆம் ஆண்டின் 24ஆம் வாரத்தில் செய்தது. கடையில் மூன்று நான்கு வருடம் கிடந்த டயர், பட்டை தேயாமல் இருந்தாலும் வேண்டாம். இந்த வண்டியின் அளவு 2.75-18, அதையே போடுங்கள். அகல டயர் கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: செயின் கவரில் உரசும், மைலேஜ் குறையும், வளைவில் வண்டி சாய அடம்பிடிக்கும்.

முதல் வேலை: கிளட்ச் கேபிள்

இதில் தொடங்கினால் கைக்குத் தைரியம் வரும். தவறினால் பெரிய சேதமும் இல்லை.

லிவர் பக்கத்து அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருப்புங்கள். என்ஜின் பக்கத்து நட்டைத் தளர்த்தினால் கேபிள் தொய்ந்து, முனையிலுள்ள ஈயக் குண்டு கழன்று வரும். இப்போது பழைய கேபிளை அப்படியே உருவிவிடாதீர்கள். அதன் ஒரு முனையில் நீளமான சணலையோ நூல் கயிற்றையோ கட்டிவிட்டு உருவுங்கள். கேபிள் வெளியே வரும்போது கயிறு அது போன வழியிலேயே உள்ளே போய் நிற்கும். புதுக் கேபிளை அந்தக் கயிற்றில் கட்டி இழுத்தால் டேங்குக்கு அடியில், கிளாம்புக்குள், கம்பெனி போட்ட அதே பாதையில் போய் உட்கார்ந்துகொள்ளும். லிவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா ஆடும்படி வைத்து நட்டை இறுக்குங்கள்.

ஆக்சிலரேட்டர் கேபிளுக்கும் இதே முறைதான். அதில் மட்டும் ஒரு சோதனை கூடுதலாக உண்டு. என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்புங்கள். எங்காவது என்ஜின் தானாக ரெய்ஸ் ஆனால் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். அப்படியே ரோட்டுக்குக் கொண்டு போனால் யூ டர்ன் அடிக்கும்போது வண்டி முன்னால் பாயும்.

பின்பக்க பிரேக் ஷூ

மாற்ற வேண்டுமா என்று முதலில் பாருங்கள். பெடலை மிதித்தால் நகரும் பிரேக் லிவர் ஆர்ம் அச்சில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், டிரம் மூடியில் (சக்கரத்தின் நடுவில் பிரேக் ஷூவை மூடியிருக்கும் தட்டில்) ஒரு குறி இருக்கும். பெடலை முழுக்க மிதிக்கும்போது அம்பு அந்தக் குறியைத் தொட்டுவிட்டால் ஷூ முடிந்துவிட்டது.

பெடலிலிருந்து வரும் பிரேக் ராடின் முனையில் இருக்கும் அட்ஜஸ்டர் நட்டைக் கழற்றுங்கள். ஸ்பிரிங்கும் உருளைப் பின்னும் தட்டுக்குப் போகட்டும், இந்தப் பின் விழுந்து தொலைவது வாடிக்கை. அடுத்து டார்க் ஆர்மின் (டிரம் மூடி சுழலாமல் பிடிக்கும் கம்பியின்) பின்னை எடுத்து நட்டைக் கழற்றுங்கள். பிறகு அச்சு நட்டு. அச்சை மறுபக்கம் உருவும்போது சக்கரத்தை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள், பக்கவாட்டுப் பூஷ் கீழே விழும், கவனம். ஸ்ப்ளெண்டரில் ஒரு நல்ல ஏற்பாடு என்னவென்றால், பின் ஸ்பிராக்கெட்டும் (பல் சக்கரம்) செயினும் தனி ஸ்லீவில் (அச்சைச் சுற்றியிருக்கும் குழாயில்) அப்படியே ஸ்விங் ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் சட்டத்தில்) நிற்கும். சக்கரத்தை வலது பக்கம் இழுத்தால் அது மட்டும் கழன்றுவிடும். செயினைத் தொடவே வேண்டாம். பஞ்சர் கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் கழற்றுவதன் ரகசியம் இதுதான்.

சக்கரத்தின் வலது பக்கம் இருக்கும் மூடியைத் தூக்கினால் பிரேக் ஷூ அதோடு வரும். டிரம்முக்குள் கறுப்புத் தூள் படிந்திருக்கும். வாயால் ஊதாதீர்கள், காற்றடித்தும் பறக்கவிடாதீர்கள். பழைய ஷூக்களின் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு நல்லதில்லை. ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

ஷூவைக் கழற்றும் நுணுக்கம் இங்கேதான். ஸ்க்ரூ டிரைவரை ஸ்பிரிங்கில் விட்டு நெம்பினால் ஸ்பிரிங் முகத்துக்கு நேராகத் தெறிக்கும். அதற்குப் பதிலாக இரண்டு ஷூவையும் இரண்டு கையால் பிடித்து, திறந்த புத்தகத்தை மூடுவது போல மேல்நோக்கி மடக்குங்கள். ஸ்பிரிங்கோடு சேர்ந்து முழுசாகக் கழன்று வரும். புது ஷூவில் ஸ்பிரிங்குகளை மாட்டி, அதே மாதிரி மடக்கிப் பிடித்து, ஒரு முனையை நிலையான பின்னிலும் மறு முனையைக் கேமிலும் (பெடலை மிதித்தால் திரும்பி ஷூவை விரிக்கும் துண்டு) உட்கார வைத்து, விரித்து அழுத்தினால் டக்கென்று படிந்துவிடும். மாட்டும் முன் கேமிலும் பின்னிலும் விரல் நுனி அளவு கிரீஸ் தடவுங்கள். அதற்கு மேல் தடவினால் சூட்டில் உருகி ஷூவில் இறங்கிவிடும். கிரீஸ் பட்ட ஷூ பிரேக் பிடிக்காது. அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது அச்சு நட்டைக் கையால் மட்டும் திருப்பி நிறுத்துங்கள். டார்க் ஆர்மையும் பிரேக் ராடையும் மாட்டிவிட்டு, வீட்டில் ஒருவரைப் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அழுத்திப் பிடித்திருக்கும்போதே அச்சு நட்டை முழுக்க இறுக்குங்கள். ஷூ டிரம்மின் நடுவில் சரியாக உட்காரும், பிரேக்கில் அந்தக் கிறீச் சத்தம் வராது. டார்க் ஆர்ம் நட்டின் பின்னைப் புதிதாகப் போடுங்கள். அந்த நட்டு கழன்றால் பிரேக் பிடித்த நொடியில் மூடி சுழன்று சக்கரமே பூட்டிக்கொள்ளும். பெடல் 20 முதல் 30 மி.மீ. வரை சும்மா இறங்கும்படி வைத்தால் போதும். முதல் 100, 150 கிலோமீட்டருக்குப் புது ஷூ அவ்வளவாகப் பிடிக்காது, அதற்கேற்ப இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

செயின் ஸ்பிராக்கெட்

செயினை மட்டும் தனியாக மாற்றாதீர்கள். முன் பல் சக்கரம், பின் பல் சக்கரம், செயின் மூன்றும் ஒன்றாகவே தேய்கின்றன. தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அது சீக்கிரமே இழுபட்டுவிடும். பல் சுறா மீனின் துடுப்பு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் செட்டையே மாற்றும் நேரம்.

செயின் கவரைக் கழற்றுங்கள். கியர் பெடலையும் அதன் பின்னால் இருக்கும் சின்ன மூடியையும் எடுத்தால் முன் பல் சக்கரம் தெரியும். இரண்டு 10ஆம் நம்பர் போல்ட்டும் ஒரு தகடும்தான் அதைப் பிடித்திருக்கின்றன. செயின் சக்கரத்தில் இருக்கும்போதே, கியரில் போட்டு, பின் பிரேக்கை மிதித்துக்கொண்டு இந்தப் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். செயினைக் கழற்றிவிட்டால் எல்லாம் சேர்ந்து சுற்றும், ஸ்பேனருக்குப் பிடி கிடைக்காது. அப்புறம் செயினின் இரு முனையையும் இணைக்கும் லாக்கைப் பிளேயரால் தள்ளிக் கழற்றுங்கள். பின் ஸ்பிராக்கெட்டைக் கழற்றும்போது அதன் ஹப்பில் இருக்கும் ரப்பர்களையும் பாருங்கள். நசுங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள், விலை சொற்பம். கியர் மாற்றும்போது வரும் டக் டக் என்ற உதறல் பாதி அதனால்தான்.

புதுச் செயினின் லாக் கிளிப்பில் ஒரு பக்கம் மூடியிருக்கும், ஒரு பக்கம் திறந்திருக்கும். மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் எங்காவது உரசி, கிளிப் கழன்று, செயின் ஓட்டத்தில் அறுந்துவிடும்.

தொய்வைச் சரிசெய்யும்போது புதியவர்கள் தவறாமல் தடுக்கி விழும் இடம் ஸ்லீவ் நட்டு. அச்சு நட்டைத் தளர்த்திவிட்டு, சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கும் அட்ஜஸ்டரைத் திருப்புவார்கள், சக்கரம் நகராது, மேலும் திருகுவார்கள், அட்ஜஸ்டர் வளைந்துவிடும். இடது பக்கம் அச்சு நட்டுக்கு உள்பக்கமாக இருக்கும் பெரிய ஸ்லீவ் நட்டையும் தளர்த்த வேண்டும். ஸ்விங் ஆர்மில் இரண்டு பக்கமும் கோடுகள் இருக்கும், இரண்டு பக்கமும் அதே கோட்டில் நிற்கட்டும். செயினின் நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் ஓர் அங்குலம் மேலும் கீழும் ஆட வேண்டும். சக்கரத்தைச் சுற்றி நான்கைந்து இடங்களில் பாருங்கள். வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டினால் ஆள் உட்கார்ந்ததும் பேரிங் அடிவாங்கும்.

என்ஜினை ஓடவிட்டு, கியரில் சக்கரம் சுற்றும்போது துணியால் செயினைத் துடைப்பதைப் பலர் செய்கிறார்கள். விரல் போன கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. கையால் சுற்றித் துடையுங்கள்.

ஹெட்லைட்

இதில்தான் நான் பணத்தை வீணாக்கினேன். எல்.இ.டி. பல்பு வாங்கி மாட்டினேன், மினுக் மினுக்கென்று எரிந்து ஒரே வாரத்தில் போனது. அடுத்து ஒரு கடையில் கொடுத்த 60/55 வாட்ஸ் பல்பைப் போட்டேன். இரவில் ஊர் திரும்பும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. ஓரம் கட்டிப் பார்த்தால் ஹோல்டர் உருகிப் பல்போடு ஒட்டியிருந்தது. அடுத்த ஊர் வரை மொபைல் வெளிச்சத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

இரண்டுக்கும் காரணம் பிறகுதான் புரிந்தது. சாவியைப் போட்டு, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ஹெட்லைட் சுவிட்சைப் போடுங்கள். எரியவில்லை என்றால் உங்கள் ஹெட்லைட் பேட்டரியில் ஓடவில்லை, என்ஜின் சுற்றும்போது மின்சாரம் தரும் காயிலிலிருந்து நேராக வரும் ஏ.சி. மின்சாரத்தில் ஓடுகிறது. ரெய்ஸ் செய்தால் பிரகாசமாகவும் ஐடிலில் மங்கலாகவும் எரிவது அதனால்தான். டி.சி.க்குச் செய்த எல்.இ.டி. அதில் தாங்காது. இந்த வண்டிக்கு உரியது 35/35 வாட்ஸ் ஹாலோஜன். அந்தக் காயிலுக்கும் வயருக்கும் ஹோல்டருக்கும் 60 வாட்ஸ் மிகை.

செய்ய வேண்டியது இதுதான். பளபளப்புப் போய் மஞ்சளித்த ரிஃப்ளெக்டரை முழு யூனிட்டாகப் புதிதாக மாற்றுங்கள். நல்ல கம்பெனியின் 35/35 வாட்ஸ் பல்பு போடுங்கள், கண்ணாடியை விரலால் தொடாமல் துணியால் பிடியுங்கள். ஹோல்டரைக் கனமான வகையாக மாற்றி, எர்த் வயர் சட்டகத்தில் படும் இடத்தைத் தேய்த்துத் துருவை எடுங்கள். இவ்வளவு செய்த பிறகு எனக்கு வேறு பல்பு தேவைப்படவில்லை. மின்வேலை எதுவானாலும் பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள்.

மாட்டியதும் சுவருக்கு எதிரே ஐந்து மீட்டரில் வண்டியை நிறுத்தி, ஆளை உட்கார வைத்து, டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு ஹெட்லைட்டின் உயரத்துக்குக் கீழே விழுகிறதா என்று பாருங்கள். எதிரே வருபவருக்குக் கண் கூசக் கூடாது.

மற்றவை

பின் ஷாக் அப்சார்பரை மாற்றுவது எளிது, மேலே ஒரு நட்டு, கீழே ஒரு போல்ட். ஒரு பக்கத்தை மாட்டி முடித்த பிறகுதான் மறுபக்கத்தைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் சக்கரம் தொங்கிவிடும். கேஸ் நிரப்பிய ஷாக் வாங்கினாலும் மேல் துளையிலிருந்து கீழ்த் துளை வரை நீளம் பழையதற்குச் சமமாக இருக்கட்டும். நீளமானதைப் போட்டால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு ஹேண்டில் படபடக்கும்.

என்ஜின் ஆயில் பைக்குக்கு உரியதாக, ஜாசோ எம்.ஏ. என்று அச்சிட்டதாக இருக்க வேண்டும். ஸ்ப்ளெண்டரின் கிளட்ச் ஆயிலில் முங்கியே ஓடுகிறது, கார் ஆயில் ஊற்றினால் வழுக்கும். வடிக்கும் போல்ட் 17ஆம் நம்பர், அதன் மரை அலுமினியத்தில் இருக்கிறது. ஸ்பேனரில் பைப் மாட்டி இறுக்காதீர்கள், மணிக்கட்டு வலுவே போதும், புது வாஷர் போடுங்கள். அளவு பார்க்கும்போது டிப்ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுத்துப் பாருங்கள்.

முன் ஃபோர்க் ஆயில் சீல், ஸ்டீரிங் கோன் பேரிங், என்ஜினைத் திறக்கும் எந்த வேலையும் தெரிந்த மெக்கானிக்கிடம் போகட்டும். போகும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

எந்த வேலை முடித்தாலும் முதல் ஓட்டம் வீட்டுத் தெருவில், பத்து கிலோமீட்டர் வேகத்தில், இரண்டு பிரேக்கையும் நாலு தடவை பிடித்துப் பார்ப்பதாக இருக்கட்டும். வந்ததும் தொட்ட நட்டுகளை எல்லாம் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். 100 கிலோமீட்டர் ஆனதும் இன்னொரு முறை பாருங்கள். புதுச் செயின் முதல் 300 கிலோமீட்டருக்குள் கொஞ்சம் தொய்யும், அப்போது அட்ஜஸ்டரைக் கால் சுற்று திருப்ப வேண்டியிருக்கும். ஸ்லீவ் நட்டைத் தளர்த்திவிட்டுத்தான்.